அருகம்புல்லுக்கு அளந்து ஊட்டுவது: கோல்ஃப் கிரீனில் உரமும் வளர்ச்சி ஒழுங்கியும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கும் ஒரு கோல்ஃப் திடலில் பதினோரு ஆண்டுகளாகப் புல் பார்க்கிறேன். கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு இங்கே வந்தவன். நெல்லுக்கும் கரும்புக்கும் உரக் கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, இங்கே முதல் இரண்டு வருடம் கணக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. நெல்லில் விளைச்சல் கூடினால் களத்துமேட்டில் சந்தோஷம். கிரீனில், அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டி ஆடுகிற குட்டைப் புல்தரையில், விளைச்சல் என்பது காலையில் மோவர் (புல் வெட்டும் இயந்திரம்) கூடையில் விழுகிற புல். அது கூடிப்போனால் பந்து ஓடாது. குறைந்துபோனால் நேற்றுப் பந்து விழுந்த குழி இன்றைக்கும் அப்படியே கிடக்கும். இந்தப் பயிருக்கு வேண்டியது காயம் ஆறுகிற அளவு வளர்ச்சி மட்டும்தான்.

உரம் வளர்ச்சியைத் தள்ளுகிறது. வளர்ச்சி ஒழுங்கி என்ற தெளிப்பு மருந்து அதை இழுத்துப் பிடிக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றதன் கணக்கும் மாறும். தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொண்டு இரண்டையும் தெளிக்கிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்பது என் அனுபவம். டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கத்திலிருந்து எங்களிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

புல் யார் என்று முதலில் தெரியட்டும்

எங்கள் கிரீனில் இருப்பது குட்டைப் பெர்முடா. பெயரைக் கேட்டால் அந்நியமாக இருக்கும்; ஆனால் இது நம் அருகம்புல்லின் பிள்ளைதான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு ஒரு பெற்றோர். இன்னொரு பெற்றோர் இந்த நாட்டு மண்ணின் புல், பழைய டிரான்ஸ்வால் பகுதியைச் சேர்ந்த மெல்லிய ஆப்பிரிக்க அருகு. இரண்டும் சேர்ந்த கலப்பினங்களை அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. 1956-இல் டிஃப்கிரீன், 1965-இல் டிஃப்டுவார்ஃப். பிறகு அந்தக் குடும்பத்திலிருந்தே டிஃப்ஈகிள், சாம்பியன், மினிவெர்டி போன்ற இன்னும் குட்டையான ரகங்கள் வந்தன. விதை பிடிக்காது, தண்டை நறுக்கித்தான் நட வேண்டும். எங்கள் திடலின் மூத்த அண்ணன் ஒருவர், அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர், இதைக் கேட்டுவிட்டு, “அப்போ நம்ம ஊர்ப் புல்லும் இந்த ஊர்ப் புல்லும் கல்யாணம் பண்ணிக்கிட்டதா தம்பி” என்றார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து உயர்மேட்டுத் திடல்களில் கிரீன் பென்ட் புல்லாக இருக்கும். அது குளிர்விரும்பி. சுமார் 20 டிகிரியில் நன்றாக வளரும், 30-க்கு மேல் திணறும். பெர்முடாவுக்கு 31 டிகிரி சொர்க்கம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஒரு புல்லுக்கான அட்டவணையை இன்னொன்றுக்குப் போட்டால் எல்லாம் கெடும். நான் அதிகம் பேசப்போவது பெர்முடாவைப் பற்றி. பென்ட் புல்லுக்கு எங்கே மாறுமோ அங்கே மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று, கிரீனுக்கு அடியில் இருப்பது மண் இல்லை. 30 சென்டிமீட்டர் மணல், அதன் கீழே 10 சென்டிமீட்டர் சரளை. நம் கரிசல் மண் போல உரத்தைப் பிடித்து வைக்காது. டர்பனில் கார்த்திகை, மார்கழியில் மதியம் வரும் இடிமழை ஒன்று போதும், காலையில் போட்ட தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். மூட்டையைப் பிரித்து ஒரே நாளில் கொட்டுவது இங்கே செல்லாது. கரண்டியால் ஊட்டுவது போல, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக.

படி 1: வாளியால் அள

உரக்கடைக்குப் போவதற்கு முன் கோடு போட்ட 20 லிட்டர் வாளி ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு கிரீனின் பரப்பையும் ஒருமுறை ஒழுங்காக அளந்து எழுதி வையுங்கள். காலையில் மோவர் ஓடி முடிந்ததும் கூடைப் புல்லை வாளியில் கொட்டி, ஒரு குலுக்கு குலுக்கி, அழுத்தாமல், எத்தனை லிட்டர் என்று குறியுங்கள். 500 சதுர மீட்டர் கிரீனில் 5 லிட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 10 மில்லிலிட்டர். 10 லிட்டர் என்றால் 20.

எங்கள் திடலில் கோடையில் 10 முதல் 20-க்குள் இருந்தால் கை வைக்க மாட்டேன். 10-க்குக் கீழே மூன்று நாள் தொடர்ந்தால் பந்துக் குழிகள் ஆறவில்லை என்பது கண்ணுக்கே தெரியும். 25-ஐத் தாண்டினால் மதியத்துக்குள் பந்து மந்தமாகிவிடும், தண்டும் வேருமாக மெத்தை கட்ட ஆரம்பிக்கும். உங்கள் எல்லைகள் வேறாக இருக்கலாம். இரண்டு மாதம் எழுதிப் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும்.

ஏன் நிறத்தைப் பார்க்கக் கூடாது? நிறம் பொய் சொல்லும். ஃபெரஸ் சல்பேட் கொஞ்சம் தெளித்தால் இரண்டே நாளில் கருகருவென்று பச்சை வரும், வளர்ச்சி ஒரு துளி கூடக் கூடியிருக்காது. ஒழுங்கி தெளித்த புல்லும் சில நாளில் அடர்பச்சை ஆகும். செல்கள் நீளாமல் நெருக்கமாக நிற்பதால் பச்சையம் அடர்கிறது. அந்தப் பச்சையைப் பார்த்து “உரம் போதும்” என்று நினைத்தால் புல் பட்டினி கிடக்கும். வெளிறிப் போனதைப் பார்த்து யூரியாவை எடுத்தால், பல நேரம் அது இரும்புக் குறைவாகவோ, வேர் நனைந்து அழுகியதாகவோ இருக்கும்.

படி 2: மண்ணைச் சோதி, எந்த முறை என்று கேள்

வருடத்துக்கு ஒருமுறை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மாதிரி எடுங்கள். முடிவு வந்ததும் எண்ணைப் பார்க்கும் முன், எந்தக் கரைசலால் பிரித்தெடுத்தார்கள் என்று ஆய்வகத்தில் கேளுங்கள். எங்கள் மாகாணமான குவாஸுலு-நேட்டாலில் சீடாரா ஆய்வகம் ஆம்பிக் முறையில் பார்க்கும். கோல்ஃப் உலகில் புழங்கும் குறைந்தபட்ச அளவுகள் மெலிக்-3 முறைக்குச் சொன்னவை: சாம்பல்சத்து 37 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 37 பங்கு), மணிச்சத்து (பாஸ்பரஸ்) 21 பி.பி.எம். முறை மாறினால் எண்ணும் மாறும். ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையின் அளவுகோலில் வைத்துப் பார்த்து மணிச்சத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரீனில் தேவைக்கு மேல் போகிற மணிச்சத்தால் புல்லுக்கு ஒன்றும் கூடாது. வின்டர்கிராஸ் என்று இங்கே சொல்லும் களைதான் கொழுக்கும்.

காய்ந்த வெட்டுப்புல் 100 கிராமில் சுமார் 4 கிராம் தழைச்சத்து, 2 கிராம் சாம்பல்சத்து, அரை கிராம் மணிச்சத்து இருக்கும். தினமும் கூடையில் வெளியே போவது இந்த விகிதத்தில்தான். மண்ணில் இருப்பு போதுமானதாக இருந்தால், வெளியே போவதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அதற்கும் வாளிக் கணக்குத்தான் வழிகாட்டி. கூடை சிறுத்தால் செலவும் சிறுக்கும். ஒழுங்கி ஒழுங்காகப் போடுகிற கிரீனுக்கு உரம் குறைவாகவே தேவைப்படுவது இதனால்தான்.

படி 3: மூட்டையைச் சரியாகப் படி

ஊரிலிருந்து வந்தவர்கள் இங்கே தடுமாறும் இடம் இது. இந்தியாவில் மூட்டையில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஆக்சைடு கணக்கில் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் தனிமக் கணக்கு. அதோடு எழுதும் முறையும் வேறு. 3:1:5 (26) என்று போட்டிருந்தால் 26 என்பது மூன்று சத்தும் சேர்ந்த மொத்தச் சதவீதம். மூன்றும் ஒன்றும் ஐந்தும் கூட்டினால் 9. தழைச்சத்து 26-இல் மூன்றை ஒன்பதால் வகுத்த பங்கு, அதாவது 8.7 சதவீதம். மணிச்சத்து 2.9. சாம்பல்சத்து 14.4. “மூன்று” என்பதைச் சதவீதமாக எடுத்துக்கொண்டு தெளித்தால் மூன்று மடங்கு போய்விடும். 2:3:2 (22) மூட்டையைத் தோட்டக் கடையில் எங்கும் விற்பார்கள். அது நடவுக்கான உரம், மணிச்சத்து மிகுதி. பழகிய கிரீனுக்கு வேண்டாம்.

தெளிப்புக்கு நான் அதிகம் பயன்படுத்துவது யூரியாவும் (46 சதவீதம்) அம்மோனியம் சல்பேட்டும் (21 சதவீதம்). பி.எச். ஏறியிருக்கும் கிரீனுக்கு அம்மோனியம் சல்பேட், மற்றதற்கு யூரியா. சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்டை கரும்புக்காரர்கள் மலிவாகத் தருவார்கள். கிரீனுக்கு முன்னால் நீளும் ஃபேர்வே புல்வெளிக்குச் சரி; 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுகிற இலைமேல் அந்த மணிகள் விழுந்தால் புள்ளி புள்ளியாகக் கருகும்.

படி 4: மாதத்துக்கு எவ்வளவு தழைச்சத்து

இதற்கு நான் நம்புவது புல் ஆராய்ச்சியாளர்கள் லேரி ஸ்டோவல், வெண்டி கெலர்ண்டர் இருவரும் தந்த வளர்ச்சித் திறன் கணக்கை. மாதச் சராசரி வெப்பத்திலிருந்து 31-ஐக் கழித்து 7-ஆல் வகுக்க வேண்டும். வந்ததை வர்க்கமாக்கிப் பாதியாக்கி, எதிர்க்குறியோடு எக்ஸ்போனென்ஷியல் எடுத்தால் 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண் கிடைக்கும். பென்ட் புல்லுக்கு 31-க்குப் பதில் 20, 7-க்குப் பதில் 5.5. விரிதாளில் ஒருமுறை எழுதி வைத்தால் பிறகு வெப்பத்தை மட்டும் போட்டால் போதும்.

டர்பனில் பிப்ரவரியில் சராசரி சுமார் 25 டிகிரி. கணக்குப் போட்டால் 0.69. புல் முழு வேகத்தில் வளர்கிற மாதத்துக்கு 4 கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், பிப்ரவரிக்குச் சதுர மீட்டருக்கு 2.8 கிராம். ஜூலையில் சராசரி 17 டிகிரி, திறன் 0.135, மாதத்துக்கு அரை கிராம் மட்டும். பன்னிரண்டு மாதமும் கூட்டிப் பார்த்தால் எங்கள் கடலோரத்துக்கு வருடத்துக்கு 18 கிராம் சுற்றி வருகிறது. ஊர்ப் பஞ்சாங்கத்தை இங்கே தலைகீழாகப் படிக்க வேண்டும். தையும் மாசியும் உச்சக் கோடை. மாரியம்மன் கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றுகிற நேரத்தில் புல் அரைத் தூக்கத்தில் இருக்கும். கூழ் குடித்துவிட்டு வந்து யூரியா தெளிக்காதீர்கள்.

இந்த எண் ஓர் ஆரம்பம்தான். நடமாட்டம் அதிகமுள்ள கிரீனுக்குக் கொஞ்சம் கூட்டுவேன். மரநிழல் விழும் கிரீனுக்குக் கால் பங்காவது குறைப்பேன். நிழலில் வெளிறியிருக்கிறதே என்று தழைச்சத்தைக் கூட்டினால், இருக்கும் மாவுச்சத்தை எல்லாம் இலை நீட்டுவதில் செலவழித்துவிட்டு வேர் வற்றிப்போகும். “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று வாழ்த்துகிறோமே, அந்த வேர் தானாக ஓடாது. தழை அளவோடு இருந்தால்தான் வேருக்கு மிச்சம் இருக்கும்.

மிகக் குறைத்தாலும் ஆபத்து. பட்டினி கிடக்கும் கிரீனில் டாலர் ஸ்பாட் நோய் நாணயம் நாணயமாக விழும். குட்டைப் பெர்முடாவில் கோடைக் கடைசியில் வளையம் வளையமாக மஞ்சள் காட்டுகிற பூஞ்சை நோயும் தழைச்சத்துக் குறைந்த இடத்தைத்தான் முதலில் தேடி வரும். அப்போது மருந்துக்கு முன்னால் அரை கிராம் தழைச்சத்து கொடுத்துப் பாருங்கள். பித்தியம் நோய் இதற்கு நேர் எதிர். வெக்கையும் ஈரமும் கொழுத்த புல்லும் சேர்ந்தால் ஒரே இரவில் வரும்.

படி 5: ஒழுங்கி என்ன செய்கிறது

புல் நீள்வதற்கு ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோன் வேண்டும். ட்ரைனெக்ஸாபேக்-எத்தில் என்ற ஒழுங்கி அந்த ஹார்மோன் தயாரிப்பின் கடைசிப் படியில் நின்று தடுக்கிறது. செல் பிரியும், ஆனால் நீளாது. இலை குட்டையாகி, தூர் கட்டுவது நடந்துகொண்டே இருக்கும். இலை வழியாக உள்ளே போவதால் தெளித்த ஒரு மணி நேரத்துக்குப் பின் மழை வந்தாலும் பாதகமில்லை. புரோஹெக்ஸாடியோன்-கால்சியமும் இதே இடத்தில்தான் வேலை செய்யும், சீக்கிரம் தீர்ந்துபோகும்.

பேக்லோபியூட்ரசால் வேறு ரகம். ஊரில் மாமரம் பருவம் தப்பிக் காய்க்க ‘கல்தார்’ ஊற்றுவார்களே, அதே மருந்து. தயாரிப்பின் ஆரம்பப் படியிலேயே தடுக்கும், வேர் வழியாகப் போகும், தெளித்தபின் தண்ணீர் விட்டு இறக்க வேண்டும். பென்ட் கிரீனில் வின்டர்கிராஸை அமுக்க உயர்மேட்டுக்காரர்களுக்கு இது கைகொடுக்கிறது. பெர்முடாவில், அதுவும் குளிர் தொடங்கும்போது, இதைத் தொடாதீர்கள். புல் எழுந்து வர வெகுகாலம் பிடிக்கும்.

எதை வாங்கினாலும், பாட்டிலில் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா, கோல்ஃப் கிரீனுக்கு என்று லேபிளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் இங்கே சொல்லும் அளவுக்கும் லேபிளுக்கும் வித்தியாசம் வந்தால் லேபிள் சொல்வதுதான் சட்டம்.

அளவு? 12 சதவீத ட்ரைனெக்ஸாபேக் திரவத்துக்குப் பென்ட் கிரீனில் ஹெக்டருக்கு 0.4 லிட்டர் பழக்கம். குட்டைப் பெர்முடாவுக்கு அதில் பாதி, 0.2 லிட்டர். முதல் முறை இன்னும் குறைத்துத் தொடங்குங்கள். முதல் தெளிப்புக்குப் பின் ஒரு வாரம், பத்து நாள் புல் லேசாகப் பித்தளை நிறம் காட்டும். அதைக் கண்டு பயந்து உரம் போடாதீர்கள், அது தானே தெளியும். வெட்டு உயரம், ரோலர், மணல் தூவல், இவற்றைச் சரிசெய்யாமல் ஒழுங்கியால் மட்டும் பந்து வேகம் கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பந்து ஓடும் தூரத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரில் காலை எண்ணைவிட மாலை எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒழுங்கியின் பலன் அங்கேதான் தெரியும்.

படி 6: நாளை எண்ணாதே, வெப்பத்தை எண்ணு

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கியைப் புல் செரித்து அழிக்கிறது; வெயில் ஏற ஏற வேகமாக அழிக்கிறது. “நாலு வாரத்துக்கு ஒருமுறை” என்ற பழைய வழக்கம் அதனால்தான் கோடையில் காலை வாரும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பில் க்ரூசரும் டக் சோல்டட்டும் 2011-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். பென்ட் கிரீனில் தினச் சராசரி வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால், 200 ஆனதும் அடுத்த தெளிப்பு. அளவை இரட்டிப்பாக்கினாலும் பலன் நீடிக்கும் காலம் நீளவில்லை என்பது அதே ஆய்வு சொன்ன சேதி. ஜோஹன்னஸ்பர்க்கில் ஜனவரிச் சராசரி 20 என்றால் பத்தே நாள். ஜூலையில் 10 என்றால் இருபது நாள்.

குட்டைப் பெர்முடாவுக்குத் தினச் சராசரியில் 10-ஐக் கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும். சுமார் 220 ஆனதும் ட்ரைனெக்ஸாபேக் மறுதெளிப்பு. புரோஹெக்ஸாடியோனுக்குச் சுமார் 120. டர்பன் பிப்ரவரியில் ஒரு நாளைக்கு 15 சேரும். பதினைந்து நாளில் தவணை வந்துவிடும்.

தவணை தப்பினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் புனித வெள்ளியை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக விடுப்பு எடுத்திருந்தேன். தெளிப்பு எந்தத் தேதி என்று பலகையில் எழுதி வைக்காமல் போனது என் பிழை. ஏப்ரல் மாதம், நாளைக்குப் பன்னிரண்டு வீதம் சேர்கிற காலம். நான் திரும்பி வந்தபோது கடைசித் தெளிப்பிலிருந்து 26 நாள், கூட்டுத்தொகை 310-ஐத் தாண்டியிருந்தது. வழக்கமான உரத் தெளிப்போ இருபதாம் நாள் குறி தவறாமல் நடந்திருந்தது. ஏழு லிட்டர் நின்ற வாளியில் பதிமூன்று லிட்டர். அடக்கி வைத்திருந்த புல், பிடி தளர்ந்ததும் மருந்தே படாத புல்லைவிட வேகமாகப் பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு நாங்களே தீனியும் போட்டுவிட்டோம். சனிக்கிழமை ஆட வந்த பெரியவர் ஒருவர் கிரீனில் குனிந்து புல்லைத் தடவிவிட்டு, “என்ன தம்பி, கம்பளி விரிச்சிருக்கியா” என்று கேட்டார். சரிக்கட்ட இரண்டு வாரம் ஆனது. ஒழுங்கி, உரம் இரண்டும் இப்போது ஒரே பலகையில், ஒரே கூட்டுத்தொகைக்குக் கீழே இருக்கின்றன. கூட்டுத்தொகை 180-ஐத் தொட்டதும் யாராக இருந்தாலும் எனக்கு ஃபோன் செய்ய வேண்டும்.

படி 7: தொட்டியில் கலப்பது

500 சதுர மீட்டர் கிரீனுக்குச் சதுர மீட்டருக்கு அரை கிராம் தழைச்சத்து என்றால் மொத்தம் 250 கிராம் தழைச்சத்து. யூரியாவாக 543 கிராம். அம்மோனியம் சல்பேட்டாக 1,190 கிராம். ஒழுங்கி 0.2 லிட்டர் வீதத்தில் 500 சதுர மீட்டருக்கு 10 மில்லிலிட்டர். பத்து மில்லி! ஊசிபோடும் சிரிஞ்சில் அளங்கள், மூடியில் அளக்காதீர்கள். மூடியில் இரண்டு மில்லி கூடினாலே அளவில் ஐந்தில் ஒரு பங்கு பிசகிவிடும்.

ஸ்ப்ரேயர் எவ்வளவு ஊற்றுகிறது என்று தெரியாமல் இந்தக் கணக்கெல்லாம் வீண். ஒவ்வொரு நாஸிலுக்குக் கீழும் ஒரு குவளை வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். ஒன்று மற்றவற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு மாறினால் அதை மாற்றிவிடுங்கள். நிமிடத்துக்கு வரும் லிட்டரை 600-ஆல் பெருக்கி, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதாலும் நாஸில்களுக்கு இடையே எத்தனை மீட்டர் என்பதாலும் வகுத்தால் ஹெக்டருக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 1.6 லிட்டர், 4 கிலோமீட்டர் வேகம், அரை மீட்டர் இடைவெளி என்றால் 480. அப்படியானால் நம் 500 சதுர மீட்டருக்கு 24 லிட்டர் தண்ணீர்.

யூரியாவைத் தனி வாளியில் முதலில் கரைத்துக்கொள்ளுங்கள். கரையும்போது அது சூட்டை உறிஞ்சும். தை வெயிலில் கூட வாளியின் வெளிப்பக்கம் ஐஸ் பானை போலச் சில்லிட்டு, நீர்த்துளி பூக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளின் கையைப் பிடித்து அந்த வாளியில் வைத்துக் காட்டுவேன். குளிர்ந்த தண்ணீரில் கரைவது மந்தம், அடியில் மணி தங்கினால் நாஸில் அடைக்கும். நன்றாகத் தெளிந்தபிறகு பாதி நிரம்பிய தொட்டியில் ஊற்றுங்கள், கலக்கி ஓடட்டும். அப்புறம் இரும்பு. ஒழுங்கி கடைசியில். மணிச்சத்து உரத்தையும் இரும்பையும் ஒரே தொட்டியில் போடாதீர்கள், அடியில் சேறாக இறங்கிவிடும்.

காலையில் வெட்டி முடித்து, பனி காய்ந்ததும் தெளியுங்கள். மறுநாள் காலை வரை மோவர் வேண்டாம். திரும்பும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பார்ப்பதுதான் கைத்திறன். இரட்டை அளவு விழுந்த பட்டை இரண்டு மூன்று வாரம் செம்பட்டையாக நிற்கும், அதை மறைக்க ஒரு வழியும் கிடையாது. தெளித்த இடத்தை நுரையால் காட்டும் நுரைக்குறி இல்லாத பழைய ஸ்ப்ரேயர் என்றால் ஒருவர் கயிறு பிடித்து முன்னால் நடக்கட்டும். கழுவிய தண்ணீரைக் குளத்தோரம் விடாதீர்கள். எங்கள் திடலின் ஓடை கழிமுகத்தில் போய்ச் சேருகிறது. அங்கே நாரை நிற்கிறது, பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள்.

படி 8: பலகை வைத்துச் சோதி

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பிளைவுட் பலகை இரண்டு. ஒன்றை ஒழுங்கி தெளிக்கும்போது மட்டும் கிரீனின் ஒரு மூலையில் வைத்து மூடுங்கள். இன்னொன்றை வேறொரு மூலையில், உரம் தெளிக்கும்போது மட்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து போடுவதென்றால் அந்த ஒரு கிரீனுக்கு மட்டும் தனித்தனியாகத் தெளியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம். மூலைகளில் ஆணியும் நூலும் வேண்டாம், மோவர் பிளேடு போய்விடும். பக்கத்துப் புல்தரையில் சுண்ணாம்பு அடையாளம் போதும்.

ஆறு வாரத்தில் அந்தச் சதுரங்கள் பேச ஆரம்பிக்கும். ஒழுங்கி படாத சதுரம் காலைப் பனியில் வெளிறி, தலை தூக்கி நிற்கும். அது தெரியாமல் சமமாக இருந்தால் உங்கள் தவணை தாமதம், மருந்து எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்தச் சதுரமே பக்கத்துப் புல்லைவிடக் குட்டையாகத் தெரிந்தால், பாய்ச்சல் நடந்துகொண்டிருக்கிறது, இன்றே தெளியுங்கள். உரம் படாத சதுரத்துக்கும் மற்றதற்கும் ஆறு வாரத்திலும் வேறுபாடு தெரியவில்லை என்றால் அடுத்த மாதத் தழைச்சத்தைக் கால் பங்கு குறைத்துப் பார்க்கலாம். எங்கள் பழைய கிரீன்கள் சிலவற்றில் அப்படித்தான் நடந்தது. மணலுக்கு மேலே சேர்ந்திருந்த மக்கே ஊட்டிக்கொண்டிருந்தது.

இந்தப் பலகை யோசனைக்கு நான் மூத்த அண்ணனுக்குக் கடன்பட்டவன். அவர் இளவயதில் நகராட்சித் திடலில் புல் வெட்டியவர். ரிசர்வாயர் ஹில்ஸில் இன்று பாப்வா செவ்கோலம் பெயரில் ஒரு திடல் இருக்கிறது. நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1963-இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற அந்த இந்திய வம்சாவளி ஆட்டக்காரரை கிளப் கட்டடத்துக்குள் விடாமல், வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அண்ணனின் தலைமுறை, தாங்கள் ஆட முடியாத புல்லைத் தாங்களே வெட்டியது. எந்த மூலையில் நீர் தேங்கும், எந்த மேட்டில் புல் முதலில் காயும் என்று அவர்களுக்கு உள்ளங்கால் சொல்லும். எங்கள் கிரீன் எல்லாவற்றுக்கும் அவர் வாய்மொழியாகச் சொன்னதை வரைபடமாக எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் திடலில் அப்படி ஒருவர் இருந்தால் ஓய்வு பெறுவதற்கு முன் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 9: எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது

துளை போட்டு மணல் நிரப்புகிற வேலைக்கு முன், ஒழுங்கியின் கூட்டுத்தொகை தவணையைத் தாண்டும்படி விட்டுவிடுங்கள். அந்த ஒரு சமயத்தில் நமக்கு அந்தப் பாய்ச்சல் வேண்டும். துளை போட்ட வாரத்தில் ஒரு கிராம் தழைச்சத்து, துளை மூடும் வரை ஒழுங்கி கிடையாது. வறட்சி, நோய், நூற்புழுத் தாக்குதல், எதுவாக இருந்தாலும் புல் தத்தளிக்கும்போதும் அப்படியே.

குளிரில் டர்பன் கடற்கரையில் உறைபனி இல்லை, புல் முழுக்க உறங்காது. ஆனாலும் வாளிக் கணக்கு சதுர மீட்டருக்கு 5 மில்லிக்குக் கீழே இறங்கியதும் நான் ஒழுங்கியை நிறுத்திவிடுவேன். வளராத புல்லை அடக்கி என்ன செய்ய? பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி உள்ளே இருக்கிறவர்கள் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. ஜூன், ஜூலைக்கு அரை கிராம் தழைச்சத்தும், நிறத்துக்குக் கொஞ்சம் இரும்பும் போதும்.

செப்டம்பரில் வெயில் திரும்பியதும் முதல் பாட்டிலைத் திறக்க எல்லோருக்கும் கை அரிக்கும். பொறுங்கள். முதலில் உரம் மட்டும், வாரம் கால் கிராம். தொடர்ந்து நான்கு வெட்டில் வாளி சதுர மீட்டருக்கு 12 மில்லியைத் தாண்டட்டும், குளிரில் மெலிந்த ஓரங்கள் மூடட்டும். அதன் பிறகு ஹெக்டருக்கு 0.1 லிட்டரில் முதல் தெளிப்பு, அன்றைக்கே பலகையில் கூட்டுத்தொகை பூஜ்யம்.